சேஸா, சூவெலா: டிராஃப்டில் யாருக்காக வாதாடுவது?

ஏப்ரல் கடைசியில், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் டிராஃப்ட் நெருங்கினால் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். அணியில் எங்கே ஓட்டையோ அதை முதலில் அடை என்பது ஒரு கட்சி. ஓட்டையைப் பிறகு பார்க்கலாம், இருப்பவர்களில் பெரிய ஆட்டக்காரனை எடு என்பது மற்றொன்று. எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்க, 2021-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் ரசிகர்கள் போட்ட சண்டையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முந்தைய ஆண்டு முதல் தேர்வாக எடுத்த குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ, நவம்பரில் முழங்கால் ஜவ்வு கிழிந்து வண்டியில் மைதானத்தை விட்டுப் போனார். அணி 4 வெற்றியோடு சீசனை முடித்தது. கைக்கு வந்தது ஐந்தாவது தேர்வு. எதிரே இருவர்: ஒரிகானின் தடுப்பு வரிசை டேக்கிள் பெனே சூவெல், எல்எஸ்யு கல்லூரி அணியில் பர்ரோ வீசிய பந்துகளைப் பிடித்த ரிசீவர் ஜமார் சேஸ்.

சுவர் இருந்தால்தானே சித்திரம், பர்ரோவைக் காப்பாற்ற சூவெல் வேண்டும் என்றது ஒரு பக்கம். அதில் தவறில்லை. ஆனாலும் பெங்கால்ஸ் சேஸை எடுத்தது. அந்த சீசனில் பர்ரோ, பந்தை வீசுமுன் வீழ்த்தப்பட்டு, 51 முறை சேக் ஆனார். டென்னசியுடனான பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் மட்டும் 9 முறை. ஆனால் அதே சேஸ் முதல் ஆண்டிலேயே 1,455 யார்டு, 13 டச்டவுன் எடுத்து அணியை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார்.

அந்த சூப்பர் பவுலில் பெங்கால்ஸின் கடைசித் தாக்குதலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நான்காவது டவுன், ஒரு யார்டு தேவை, எதிரணி ராம்ஸ் 23-20 முன்னிலை. ஓரத்தில் ராம்ஸின் ஜேலன் ராம்ஸி நிலைதடுமாற, சேஸ் அவரைத் தாண்டி ஆளில்லாத வெளியில் ஓடுகிறார். பர்ரோ தலைதூக்கி அவரைப் பார்ப்பதற்குள் ராம்ஸின் ஆரன் டொனால்டு பாய்ந்து பிடித்துச் சுழற்றிவிடுகிறார். இரண்டு கட்சியும் சொன்னது சரி என்பதை அந்த ஒரே ஆட்டம் காட்டிவிடுகிறது.

அதனால்தான் ஆளோடு ஆளை ஒப்பிடாதீர்கள், ஜோடியோடு ஜோடியை ஒப்பிடுங்கள் என்கிறேன். இந்தத் தேர்வில் இவரை எடுத்தால் அடுத்த சுற்றில் யார் மிஞ்சுவார்? பெங்கால்ஸ் இரண்டாம் சுற்றில், 46-ஆவதாக, ஜாக்சன் கார்மனை எடுத்தது. அவர் தடுப்பு வரிசையில் நிலைக்கவில்லை. சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி அப்போதும் மிச்சமிருந்தார். 63-ஆவது இடத்தில் அவரை எடுத்த கன்சாஸ் சிட்டி அவரைச் சுற்றியே தன் வரிசையைக் கட்டியது. ஏழாவது தேர்வில் சூவெலை எடுத்த டெட்ராய்ட்டோ, ரிசீவருக்கு நான்காம் சுற்று வரை பொறுத்திருந்து, 112-ஆவதாக அமோன்-ரா செயின்ட் பிரவுனைப் பிடித்தது. 2023-இல் அந்த இருவருமே ஆல்-புரோ முதல் அணியில் இடம்பெற்றார்கள். சேஸை எடுத்தது சரிதான் என்பேன். பெங்கால்ஸ் கோட்டைவிட்டது இரண்டாம் சுற்றில். ரசிகர்கள் மாதக்கணக்கில் வாதாடியதோ முதல் சுற்றைப் பற்றி.

இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. குவார்ட்டர்பேக் இல்லாத அணி வேறு எதையும் எடைபோடக் கூடாது. 2018-இல் 37 வயது குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கை வைத்துக்கொண்டு, நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது தேர்வில் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியை எடுத்தது. அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் ஆனார். அணி வென்றது ஐந்தே ஆட்டம். ஏழாவதாகப் போன குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் பஃபலோவைத் தூக்கி நிறுத்தினார். ஜயன்ட்ஸ் மறு வருஷமே ஆறாவது தேர்வை குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்குச் செலவிட வேண்டி வந்தது.

டிராஃப்டுக்கு முன் நடக்கும் இண்டியானாபொலிஸ் கம்பைன் சோதனையில் யார் எவ்வளவு வேகமாக ஓடினார் என்பதைக் கடைசியில் பாருங்கள். 2017-இல் 40 யார்டை 4.22 நொடியில் ஓடிச் சாதனை படைத்தார் ஜான் ராஸ். பெங்கால்ஸ் அவரை ஒன்பதாவதாக எடுத்தது. முதல் சீசனில் அவர் ஒரு பந்தும் பிடிக்கவில்லை. வேகத்தைவிட, ஓடும் பாதையை எவ்வளவு கச்சிதமாக வெட்டுகிறார், உடம்பில் ஆள் ஒட்டியிருக்கும்போதும் பந்தைப் பிடிக்கிறாரா என்பதற்குக் கல்லூரி ஆட்டங்களே சாட்சி. சேஸின் 2019 ஆட்டங்களில் இவை இரண்டும் இருந்தன. ஒரு முழு ஆட்டத்தை, பந்து அவர் பக்கம் வராத நேரங்களையும் சேர்த்து, பார்த்துவிட்டு உங்கள் அணிக்கு யார் வேண்டும் என்று சொல்லுங்கள். கூடவே இரண்டாம் சுற்றுக்கு ஒரு பெயரையும் சொல்லுங்கள்.