போரைச் சீக்கிரம் முடியுங்கள்

ரோம வரலாறு எழுத வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, சாக்பீஸ் தூசியிலேயே தலை நரைத்த ஒரு வாத்தியார் சொல்வது.

1. முதலில் தரையைப் பாருங்கள். கி.மு. 197இல் ரோமத் தளபதி ஃபிளாமினினஸும் மாசிடோனிய மன்னன் ஐந்தாம் பிலிப்பும் மோதியது தெசலியின் குன்றுகளில். கினோஸ்கெஃபாலே, அதாவது ‘நாய்த்தலைகள்’. அன்று மூடுபனி, இரு படைகளும் எதிர்பாராமல் முட்டிக்கொண்டன. ஆறு மீட்டர் ஈட்டிகளோடு தோளோடு தோள் நிற்கும் மாசிடோனிய அணிக்குச் சமதரை வேண்டும். பிலிப்பின் வலப்பக்கம் ரோமரைச் சரிவில் தள்ளிக்கொண்டு போனபோது, இடப்பக்கம் இன்னும் அணிவகுத்தே முடிக்கவில்லை.

2. தளபதி பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். வென்றுகொண்டிருந்த ரோம வலப்பக்கத்திலிருந்து இருபது சிறு பிரிவுகளைத் திருப்பி, பிலிப்பின் ஆட்களைப் பின்னாலிருந்து தாக்கியவர் ஒரு படை அதிகாரி. வரலாற்றாசிரியர் பாலிபியஸ் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

3. தோற்றவர்கள் ஈட்டிகளை நெட்டுக்குத்தாக உயர்த்தினார்கள். அவர்கள் வழக்கத்தில் அது சரணாகதி. ரோமருக்கு விளங்கவில்லை. காரணம் கேட்டறிந்த ஃபிளாமினினஸ் விட்டுவிடலாம் என்று நினைப்பதற்குள், முன்னால் நின்றவர்கள் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். 8,000 பேர் மாண்டார்கள் என்று எழுதும் முன் அந்த உயர்ந்த ஈட்டிகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

4. இனிமேல்தான் உண்மையான வேலை. என் முதல் கட்டுரையில் போருக்கு ஆறு பக்கம், சமாதானத்துக்கு ஆறு வரி. இன்றும் எடுத்துப் பார்த்தால் கூசுகிறது. ரோமோடு சேர்ந்து போரிட்ட கிரேக்கரான ஈட்டோலியர், பிலிப்பை வேரோடு அழிக்கச் சொன்னார்கள். ஃபிளாமினினஸ் மறுத்தார்: மாசிடோனியா இல்லாவிட்டால் வடக்கிலிருந்து திரேசியரும் கால் இனத்தவரும் கிரேக்கத்துக்குள் இறங்கிவிடுவார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் கிழக்கே சிரிய மன்னன் மூன்றாம் அந்தியோகஸ் நகர்ந்துகொண்டிருந்ததும், சண்டை நீண்டால் வெற்றிப் பெயரைத் தட்டிப்போக அடுத்த தளபதி வரக்கூடும் என்பதும் அவர் கணக்கில் இருந்தன. பிலிப் ராஜ்யத்தோடு தப்பினான். விலை: கிரேக்க நகரங்கள், சில தவிர மற்ற போர்க்கப்பல்கள், 1,000 தாலந்து (பாதி உடனே, மீதி பத்தாண்டுத் தவணை), பிணையாக மகன் டெமெட்ரியஸ்.

5. கி.மு. 196, கொரிந்துக்கு அருகே இஸ்த்மிய விளையாட்டு. ரோமின் சார்பில் கட்டியக்காரன் எழுந்து, கிரேக்கருக்குச் சுதந்திரம், காவற்படை இல்லை, கப்பம் இல்லை என்றான். கேட்டவர்களால் நம்ப முடியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். அந்த ஆரவாரத்தில் பறந்த காக்கைகள் கீழே விழுந்தன என்கிறார் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க். காக்கையை நம்ப வேண்டாம், வெட்டவும் வேண்டாம். ஐம்பதே ஆண்டில், கி.மு. 146இல், ரோமரே கொரிந்தைத் தரைமட்டமாக்கியதை மட்டும் முதல் பத்தியிலேயே போட்டு உடைத்துவிடாதீர்கள். அன்று கத்தியவர்களுக்கு அது தெரியாது.

6. கி.மு. 194இல் ரோமப் படை கிரேக்கத்தை விட்டுக் கிளம்பியது. கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போரில் பிடிபட்டு அங்கே அடிமைகளாக விற்கப்பட்டிருந்த ரோமரை கிரேக்கரான அகாயர் காசு கொடுத்து மீட்டு அனுப்பினார்கள், 1,200 பேர். ரோமில் மூன்று நாள் வெற்றி ஊர்வலம். ஃபிளாமினினஸின் தேருக்கு முன்னால் டெமெட்ரியஸ் நடந்தான். பின்னால், மொட்டைத் தலையோடு, அந்த மீட்கப்பட்டவர்கள்.