வானவில்லைத் துரத்துதல்



ஆங்கிலத்தில் ‘வானவில்லைத் துரத்துதல்’ என்றொரு வழக்கு உண்டு. கைகூடாத ஒன்றை நாடி வாழ்நாளை வீணாக்குவதை அது குறிக்கும். வானவில்லின் அடியில் பொற்குடம் புதைந்திருப்பதாக அயர்லாந்து நாட்டில் ஒரு பழங்கதை வழங்குகிறது. நம்மவர் இதனையே மனக்கோட்டை என்றும், கானல் நீர் என்றும் கூறுவர்.

வானவில்லின் அடியை ஒருவரும் அடைய இயலாதது ஏன்? ஞாயிறு நம் முதுகுப்புறம் நிற்க, எதிரேயுள்ள மழைத்துளிகளில் ஒளி புகுந்து, சிதறி, சுமார் 42 பாகைக் கோணத்தில் நம் கண்ணுக்குத் திரும்புகிறது. நாம் நகர்ந்தால் வில்லும் நகரும். அது ஓரிடத்தில் நடப்பட்ட பொருளன்று. காண்பவன் நிற்கும் நிலையால் விளையும் தோற்றமே. பகவன் புத்தர் சஞ்ஞை என்னும் குறிப்பறிவைக் கானலுக்கு ஒப்பிட்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆயின், அரிய நோக்கம் யாவும் வானவில்லாகுமோ? ஆகாது. பெங்களூரில் தங்கிய அயர்லாந்து நாட்டவரான லவெல் என்பவர், படை அதிகாரி ஜான் வாரன் எழுதிவைத்த குறிப்பைப் படித்து, மாட்டுவண்டியில் கோலாருக்குச் சென்று மண்ணையும் பாறையையும் ஆராய்ந்தார். 1873-இல் அவர் உரிமம் கோரியபோது, அங்குப் பொன் எடுப்பது ஆகாத காரியம் என்று அதிகாரிகள் எண்ணினர். 1875-இல் உரிமம் கிடைத்தது. பிற்காலத்தில் அந்நிலம் சுமார் 800 டன் பொன் ஈந்தது. அவர் துரத்தியது வானவில்லன்று. அவரிடம் சான்று இருந்தது, அடுத்த அடி வைக்க வழியும் இருந்தது. அப்பொன்னைச் சுமார் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வெட்டியவர்களுள் பெரும்பாலோர் தமிழ் உழைப்பாளிகள் என்பதையும், பொற்குடம் அவர்கள் வீடு சேரவில்லை என்பதையும் மறத்தலாகாது.

செலவு மிகுந்து வரவு குறைந்தமையால், அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. அன்றுமுதல் ‘மீண்டும் திறக்கும்’ என்ற பேச்சு அடிக்கடி எழுந்து அடங்குகிறது. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் பேச்சுக்குக் காத்திராமல், விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறி, சுமார் நூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூரில் உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர்.

பிறருக்கு உபதேசம் செய்யும் நாமும் இப்பாடத்தை எளிதில் கற்றோமில்லை. நாம் வேலை செய்த ஆலை மூடப்பட்டபோது, ஜோகுபாளையத்திலிருந்து நாள்தோறும் நடந்து சென்று அதன் வாயிலில் நின்றோம். ‘பொங்கலுக்குள் திறக்கும்’ என்றனர். பின் ‘தீபாவளிக்குள்’ என்றனர். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. வீட்டில் மனையாள் பூக்கட்டி விற்று அடுப்பெரித்தாள். ஒருநாள் உடன் நின்ற முதியவர், “தம்பி, கதவு திறந்தால் ஊருக்கே சத்தம் கேட்கும். அதுவரை இங்கே நின்று என்ன காவல் காக்கிறாய்?” என்றார். மறுநாளே ஒரு தையற்கடையில் பொத்தான் தைக்கும் வேலையில் அமர்ந்தோம். முதற்கூலியை அவள் கையில் கொடுத்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை, நமக்குத்தான் நாணமாயிருந்தது.

நிற்க. நமக்குச் சேரவேண்டிய நிலுவையைச் சங்கத்தின் வழியே கேட்பதை நாம் விட்டோமில்லை. உரிமையைக் கோருதல் கானலைத் துரத்துதலாகாது. வாளாவிருந்து காத்திருத்தலே கானல்.

ஆதலின், ஓர் ஆசை மனத்தில் எழும்போது மூன்று வினாக்களை எழுப்புக: இதற்குச் சான்று உளதா? இன்று செய்யத்தக்க ஒரு செயல் உளதா? நாம் நெருங்க நெருங்க இது அருகில் வருகிறதா, விலகிச் செல்கிறதா?

விலகிச் செல்வதாயின் விடுக. அருகில் வருவதாயின், உலகம் நகைப்பினும் தளராது நடக்க.