கார் ஸ்பீக்கரும் சப்வூஃபரும்: நம்புவதும் நடப்பதும்

காருக்கு ஊஃபர் போடலாம் என்று கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது வாட்ஸ் கணக்குதான். எண் ஏற ஏற விலையும் ஏறும். பொருத்தி முடித்த பிறகோ டிக்கி மூடி கடகடக்கும். மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் ஒரே உறுமலாகக் கலந்துவிடும். பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருக்காது, பொருத்திய விதத்தில் இருக்கும். பெட்டி, கதவு, ஒயர், செட்டிங் ஆகிய நான்கையும் கவனிக்கவிடாமல் செய்யும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: அட்டையில் எத்தனை வாட்ஸ் போட்டிருக்கிறதோ, அத்தனை சத்தம் வரும்.

உண்மை: பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் ஒரு நொடிப்பொழுது தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவைச் சொல்வது ஆர்.எம்.எஸ். எண், அதையே பாருங்கள். ஸ்டீரியோவில் ‘50×4’ என்று எழுதியிருப்பதும் இப்படித்தான். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். அதை நேரடியாகப் பயன்படுத்தும் ஸ்டீரியோ, 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சிதையாமல் தரக்கூடியது கணக்குப்படியே 26 வாட்ஸைத் தாண்டாது. நடைமுறையில் 20 வாட்ஸ் கிடைத்தாலே அதிகம்.

வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண்ணையும் கேளுங்கள். 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்ஸில் எழுப்பும் ஒலியை எட்ட, 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் தேவை.

நம்பிக்கை: சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கர் பத்திரமாக இருக்கும்.

உண்மை: தன் திறனுக்கு மேல் முடுக்கப்படும் ஆம்ப், ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடும். முழுதாக வெட்டுப்பட்ட அலை, ஆம்புக்குக் குறிப்பிட்ட திறனைப் போல இரு மடங்கு வரை மின்சக்தியைச் சுமந்து செல்லும். அதில் உயர் அதிர்வெண்களும் கூடுவதால் முதலில் சூடேறிக் கருகுவது பெரும்பாலும் ட்வீட்டர்தான். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். அளவுக்கு ஏற்ற ஆம்பை எடுத்து, கெயினைச் சரியாக வைப்பதே பாதுகாப்பு.

கெயின் என்பது வால்யூம் குமிழ் அல்ல. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலுக்கு ஆம்பை இணக்கமாக்கும் திருகு அது. ஈக்வலைசரைச் சமமாக வைத்து, பேஸ் பூஸ்டை அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வையுங்கள். கெயினை மெல்ல ஏற்றி, ஒலி சிதையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

நம்பிக்கை: பெட்டி எதுவானால் என்ன, ஊஃபர் நல்லதாக இருந்தால் போதும்.

உண்மை: ஊஃபரின் கூம்பு முன்னே தள்ளும் அலைக்கு நேரெதிரான அலை அதன் பின்னாலும் பிறக்கிறது. இரண்டும் கலந்தால் பேஸ் கரைந்துவிடும். அதைத் தடுப்பதே பெட்டியின் முதல் வேலை. எந்த ஊஃபருக்கு எவ்வளவு கொள்ளளவு என்பதைக் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் வகுத்துக் கொடுத்தார்கள். இன்றைக்கும் ஊஃபரோடு வரும் தாளில் இருப்பவை அவர்கள் பெயரைத் தாங்கிய அளவுகளே.

மூடிய பெட்டியில் பேஸ் இறுக்கமாகவும் தெளிவாகவும் இருக்கும். துளைக்குழாய் வைத்த பெட்டி அதே வாட்ஸில் கூடுதல் சத்தம் தரும். ஆனால் அது ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பு பிடிமானம் இழந்து ஆடும். அந்தத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் அங்கே அவசியம்.

முன் ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. கதவின் உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை அடைத்து, வெளித்தகட்டில் டேம்பிங் ஷீட் ஒட்டினால் சாதாரண ஸ்பீக்கரும் கனமாகப் பேசும். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி, அந்தப் பகுதியை ஊஃபரிடம் விடுங்கள். ஆம்பில் ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் இரு நிலையிலும் கேட்டுப் பார்த்து, ஓட்டுநர் இருக்கையில் பேஸ் நிறைவாக ஒலிக்கும் நிலையில் வையுங்கள்.

நம்பிக்கை: பேஸ் அலை காரைவிட நீளமானது, அதனால் அது வெளியே போனால்தான் உருவாகும்.

உண்மை: பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், அதன் அலை நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். கார் அதில் பாதி நீளம்தான் இருக்கும். ஆனாலும் காது உணர்வது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை. அதற்கு முழு அலையும் காருக்குள் அடங்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், மூடிய சிறிய கேபினில் தாழ்ந்த ஒலி கூடுதல் வலுவே பெறும். வீட்டில் மெலிந்து ஒலிக்கும் ஊஃபர் காரில் கனமாக ஒலிக்க அதுவே காரணம். தெருவில் நிற்பவருக்கு வெறும் ‘டம் டம்’ மட்டும் கேட்பதற்குக் காரணம் வேறு: உயர்ந்த ஒலியைத் தடுக்கும் தகட்டையும் கண்ணாடியையும் தாழ்ந்த ஒலி அதிரவைத்தே வெளியேறிவிடும்.

நம்பிக்கை: பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் கெபாசிட்டர் போட்டால் போதும்.

உண்மை: 1 ஃபாரட் கெபாசிட்டர், மின்னழுத்தம் 14.4இலிருந்து 12.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது தரக்கூடியது சுமார் 25 ஜூல். 1000 வாட்ஸ் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்குத்தான் வரும். பேட்டரி டெர்மினல், ஒயரின் தடிமன், எர்த், ஆல்டர்னேட்டரின் திறன் ஆகியவற்றைச் சோதியுங்கள். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். மலிவு கிட்டில் வரும் ஒயர் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதாக இருக்கலாம். அதே தடிமனில் அது செம்பைவிடக் குறைவாகவே மின்சாரம் கடத்தும்.

நம்பிக்கை: ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறது, பேட்டரி பக்கம் தேவையில்லை.

உண்மை: இது உயிரோடு விளையாடும் நம்பிக்கை. ஆம்பின் ஃபியூஸ் ஆம்பைக் காக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை போகும் ஒயர் நடுவில் எங்காவது தகட்டில் உரசி உரிந்தால், பேட்டரியின் முழு வேகமும் அதில் பாய்ந்து தீப்பிடிக்கும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ஒயருக்கு ரப்பர் வளையமும் வேண்டும்.

நம்பிக்கை: ஓம் குறையக் குறைய நல்லது.

உண்மை: தலா 4 ஓம் உள்ள இரட்டைக் காயில் கொண்ட இரண்டு ஊஃபர்களை முழுக்க இணையாகக் கொடுத்தால் 1 ஓம் வரும். ஆம்ப் 2 ஓம் வரை மட்டுமே தாங்குவது என்றால் அது சூடாகி அணையும், அல்லது பழுதாகும். ஒவ்வொரு ஊஃபரின் காயில்களையும் தொடராகவும், ஊஃபர்கள் இரண்டையும் இணையாகவும் கொடுத்தால் 4 ஓம். ஆம்ப் நிம்மதியாக ஓடும்.

காதுக்கும் ஓர் எல்லை உண்டு. 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்பு வல்லுநர்கள் பின்பற்றும் ஓர் அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பழுதான ஊஃபரை மாற்றிவிடலாம். போன செவித்திறன் திரும்பாது.

கையில் இருக்கும் பணத்தை முதலில் கதவுக்கும் முன் ஸ்பீக்கருக்கும் செலவிடுங்கள். அடுத்து நல்ல செம்பு ஒயரும் ஃபியூஸும், அதன் பிறகு ஆம்ப், கடைசியாக அளவெடுத்துச் செய்த பெட்டியில் ஓர் ஊஃபர். ஆர்.எம்.எஸ். எவ்வளவு, பெட்டியின் கொள்ளளவு என்ன, ஃபியூஸ் எங்கே என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் வண்டிச் சாவியைக் கொடுங்கள்.