ஓல்டர்னேட்டரைக் கழற்றுமுன்

மரக்கறி ஏற்றும் பழைய வானில் பற்றரி அடையாள விளக்கு சிவப்பாய் எரிந்தால், நம்மிற் பலர் உடனே புதுப் பற்றரி வாங்க ஓடுகிறோம். இடம்பெயர்ந்து வந்து, கடன்பட்டுத் தொழிலைத் தொடங்கிய குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று. பற்றரி மின்னைச் சேமிக்கும் பெட்டி மாத்திரமே. அதை நிரப்புவது, என்ஜின் பெல்டினாற் சுழலும் ஓல்டர்னேட்டர். திம்புள்ளப் பக்கத்து மூடுபனியிற் பகலிலும் விளக்கு வேண்டும். மழைக்கு வைப்பரும் ஓடவேண்டும். தலவாக்கலை வளைவுகளில் விளக்கு மங்கினால் அது உயிராபத்து.

முதலில் மல்டிமீட்டரைப் பற்றரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்ப்போம். நன்கு நிரம்பிய பற்றரி, என்ஜின் நின்றிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரை ஏறவேண்டும். ஏறவில்லையா? அப்போதும் அவசரம் வேண்டாம். பெல்ட் தளர்ந்துள்ளதா, பற்றரி முனைகளில் வெள்ளையாய்ப் பூத்துள்ளதா, வயர் கழன்றுள்ளதா எனப் பாருங்கள். பலமுறை பிழை இங்கேயே அகப்பட்டுவிடும்.

என்ஜின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் சில சாரதிகளிடம் இன்றும் உண்டு. அது பழைய மொரிஸ் மைனரின் டைனமோ காலத்துப் பழக்கம். ஓல்டர்னேட்டரினுள் மாறுமின்னை நேர்மின்னாக்கும் டயோட்கள் உள்ளன. வயரைக் கழற்றியதும் வோல்ட் திடீரென எகிறி, அவை எரிந்துபோகலாம். நல்ல பொருளையும் கெடுக்கும் சோதனை இது. யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள்.

கழற்றத்தான் வேண்டுமெனில், என்ஜின் ஆறியபின் முதலிற் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ஓல்டர்னேட்டருக்கு வரும் தடித்த வயரில், சாவி போடாதபோதும் மின் இருக்கும். அங்கு வைத்த ஸ்பனர் வண்டியின் இரும்பில் முட்டினால் தீப்பொறி பறக்கும், கையும் வெந்துவிடும். பின்பு வயர்களுக்கு அடையாளமிட்டுக் கழற்றி, இறுக்கும் ஆணியைத் தளர்த்திப் பெல்டை எடுத்து, தாங்கும் ஆணிகளை நீக்கலாம்.

வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு 2025 இலேயே மீண்டும் தொடங்கியதால், பழைய வாகனங்களே நெடுங்காலம் ஓடவேண்டியிருந்தது. ஆகவே பாவித்த பாகங்களுக்கும் கிராக்கிதான். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சென்றாலும் கழற்றியதைக் கையோடு கொண்டு போங்கள். புல்லியின் பள்ளம், ஆணித்துளை, வயர் முனை மூன்றும் ஒத்திருக்கவேண்டும். தேய்ந்தது காபன் பிரஷ் மட்டுமென்றால் அதை மாற்றினாலே போதும். கடைக்காரர் தாமாக இதைச் சொல்லமாட்டார்.

பூட்டியபின் பெல்டின் நடுவிற் பெருவிரலால் அழுத்தினால் சுமார் 1 சென்ரிமீட்டர் தாழவேண்டும். அளவுக்குமேல் இறுக்கினால் பெயரிங் கெடும். மைனஸ் வயரைக் கடைசியாகப் பூட்டி, மீட்டரை மறுபடி வைத்துப் பாருங்கள். புதுப் பெல்டாயின் சில நாளிற் சற்றுத் தளரும், திரும்பவும் இறுக்கிக்கொள்ளுங்கள்.