ஏழரை மில்லிலிட்டரில் ஒரு தேடல்

அன்புள்ள கயல்விழிக்கு,

கொவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு ஏஆர்டி கருவி வைத்திருந்தோமே, அதில் விழுந்த சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கம்தான். சிராங்கூன் சாலை நகைக்கடையில் மஞ்சளாக மின்னும் அதே உலோகம், சில பத்து நானோமீட்டர் துகளானால் சிவந்துவிடும். அந்தத் துகளின்மேல் ஒரு ஆன்டிபாடியை ஒட்டினால், தான் தேடும் புரதத்தைப் போய்ப் பற்றிக்கொள்ளும். நீ கேட்ட மார்பகப் புற்றுநோய் உணரிகள் பலவும் இந்தப் பிடியை நம்பித்தான் இருக்கின்றன.

அவற்றில் சில தேடுவது, கட்டியிலிருந்து கழன்று இரத்தத்தில் ஏறி எலும்புக்கோ கல்லீரலுக்கோ போகும் அணுக்களை. 1869இலேயே ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்தவரின் இரத்தத்தில் அவற்றைக் கண்டு எழுதிவைத்தார். அவற்றை எண்ணுவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆனது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சிவப்பணு மட்டும் சுமார் 500 கோடி. புற்றணு ஒன்றிரண்டு கிடைத்தாலே பெரிது.

2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செல்சர்ச் கருவி, புற்றணுவின் மேலுள்ள ‘எப்கேம்’ புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடியை நுண்ணிய இரும்புத் துகள்களில் பூசி, 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் கலந்து, காந்தத்தால் இழுக்கிறது. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில் 5 அணுவோ அதற்கு மேலோ சிக்கினால் நோயின் போக்கு கடுமை என்று கணிக்கிறார்கள். ஆனால் பரவக் கிளம்பும் சில அணுக்கள் எப்கேமையே உதறிவிடும். பிடிபட வேண்டிய ஆசாமியே நழுவிவிடுவார்!

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லிம் சுவீ டெக்கின் குழு ஆன்டிபாடியையே விட்டுவிட்டு, உருவ அளவை நம்பியது. நுண்ணிய சுருள் கால்வாயில் இரத்தம் ஓடும்போது பருத்த புற்றணுக்கள் உட்சுவரை ஒட்டியும், சிறிய இரத்த அணுக்கள் வெளிச்சுவர்ப் பக்கமும் ஒதுங்கும். புற்றணுக்கள் உயிரோடு கிடைப்பதால் அவற்றின் மரபணுவையும் ஆராயலாம். இந்தக் கருவியை விற்கத் தொடங்கிய கிளியர்பிரிட்ஜ் பயோமெடிக்ஸ், பயோலிடிக்ஸ் என்று பெயர் மாற்றி 2018இல் சிங்கப்பூர்ப் பங்குச்சந்தைக்கு வந்தது. சிறிய புற்றணு வந்தால் இதுவும் கோட்டைவிடும்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் படிக்கும்போது ஒன்றைப் பார். “ஒரே ஒரு அணுவையும் கண்டுபிடித்தோம்” என்று எழுதுவார்கள். அந்த அணு எங்கிருந்து வந்தது? பல கட்டுரைகளில் அது எம்சிஎஃப்-7. 1970களிலிருந்து ஆய்வகங்களில் வளரும், எப்கேம் நிறைந்த புற்றணு வகை. அதை இரத்தத்தில் தெளித்துவிட்டு அள்ளுவது வேறு, நோயாளியின் இரத்தத்தில் தேடுவது வேறு.

பிடித்தால் மட்டும் போதாது என்பதும் தெரிந்துவிட்டது. முதல் சுற்று கீமோவுக்குப் பிறகும் புற்றணு எண்ணிக்கை குறையாத பெண்களுக்கு மருந்தை உடனே மாற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2014இல் வெளியானது. அவர்களின் ஆயுள் கூடவில்லை. கருவி சரியாகத்தான் எண்ணியது. மாற்றிக் கொடுத்த கீமோ கைகொடுக்கவில்லை.

தொடக்க நிலையில் இந்த அணுக்கள் மிக அரிது என்பதால், இக்கருவிகள் மேமோகிராமுக்கு மாற்றாகவில்லை. இங்கே சிங்கப்பூரில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களை இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை எடுக்கச் சொல்கிறார்கள். உன் அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த வாரமே நீ கூட்டிப் போ.

அன்புடன்,
சித்தப்பா