எழுதாத கார்ட் யாரைக் காக்கும்?

அன்பின் தம்பி,

நோயாளியின் கார்ட்டில் கனக்க எழுதினால் வழக்கில் அதுவே எமக்கு எதிராக நிற்கும், குறைய எழுதுவதே பாதுகாப்பு என்று சாவகச்சேரியில் மூத்த பல் வைத்தியர் ஒருவர் சொன்னாராம். சரியா என்று கேட்டிருந்தீர். சரியில்லை. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

எமது இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தை நான் விரும்பி வாசிப்பதுண்டு. ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஸ்டீபன் 1872இல் இந்தியாவுக்கு வரைந்ததைத் தழுவியது அது. பல விதிகளுக்குக் கீழே சின்னச் சின்ன உதாரணங்கள். அதன் 159ஆம் பிரிவின்படி, சம்பவம் நடந்தபோதோ நினைவு மங்கமுன்னரோ தான் எழுதிய குறிப்பைப் பார்த்துச் சாட்சி சொல்லலாம். மாதங்கள் கழித்து எழுதியதற்கு அந்த உரிமை இல்லை. 114ஆம் பிரிவையும் வாசியும்: கொடுக்கக்கூடிய சான்றைக் கொடுக்காதவருக்கு அது பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம்.

நட்டஈட்டு வழக்குப் போட 2 வருட அவகாசம் உண்டு. அதற்குள் எத்தனை பல்லுப் பிடுங்கியிருப்பீர்! எந்த முகம் நினைவிருக்கும்?

சிகிச்சை பெற்ற குழந்தை ஒன்று இறந்ததற்காகப் பேராசிரியர் பிரியானி சொய்சா மீது தொடரப்பட்ட வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் கவனக்குறைவை ஏற்றது. ஆனால் குழந்தையின் சாவுக்கு அதுவே காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று நட்டஈட்டை நீக்கியது. தவறு நடந்ததா, அதனால்தான் கேடு வந்ததா என்பவை இரண்டு கேள்விகள். அன்று வாயில் என்ன கண்டீர் என்பது கார்ட்டில் இல்லையென்றால் இரண்டாவதற்கு எதைக் காட்டுவீர்?

பல் இலக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். அமெரிக்காவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்தவர் தன் வைத்தியரின் கடிதத்தை நீட்டுகிறார் என்று வையும். அதில் ‘14’ என்று மட்டும் இருக்கிறது. நாம் எழுதும் எஃப்.டி.ஐ. முறையில் அது மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல். அமெரிக்கர் எழுதும் முறையில் அதே 14 மேல் இடது முதல் கடைவாய்ப்பல். பக்கமே மாறிவிட்டது! பிடுங்கிய பல்லைத் திரும்ப நட முடியுமா? ஆகவே இலக்கத்தோடு பல்லின் பெயரையும் பக்கத்தையும் சொல்லாக எழுதும். இந்த ஒரு பழக்கம் பாதி வழக்கைத் தடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இல்லாததையும் எழுதும். வெற்றிலை போடுபவரின் கன்னத்தில் வெள்ளைத் திட்டு இல்லையென்றால், பார்த்தேன், இல்லை என்று திகதியோடு குறியும். கீழ் ஞானப்பல் எடுக்கமுன் நாக்கு விறைக்கலாம் என்று சொன்னீரா? சொன்னதை எழுதும். பிழையாக எழுதியதை ஒரு கோட்டால் வெட்டித் திகதியிட்டுக் கையொப்பமிடும். வெள்ளை மை பூசாதீர், தாளைக் கிழிக்காதீர். பூசிய இடத்தைத்தான் எதிர்த்தரப்பு முதலில் தேடும்.

நோயாளி கதிரையை விட்டு எழும்பமுன் எழுதி முடித்துவிடும். அடுத்த ஆள் வெளியே காத்திருக்கட்டும்.

அன்புடன்,
உமது ஆசிரியர்