மாலையோடு பொறுப்பும் கொடுப்போம்



பரிசளிப்பு விழாவில் நடக்க முடியாத ஒரு பிள்ளை மேடைக்கு வந்தால், "ஐயோ பாவம்" என்று சொல்லிக் கைதட்டுகிறோம். அந்தப் பிள்ளை ஊருக்கு என்ன செய்தது என்று கேட்கிறோமா? இந்த முறை அதைப் பற்றிப் படிப்போம்.

ஆய்க்குடி தரும் பாடம்

தமிழ்நாட்டில் தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள கிராமம் ஆய்க்குடி. அந்த ஊரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்த வாலிபர். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். அங்கே நடந்த சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது.

1981ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. அதே வருடம் அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த படை வைத்தியர் அமர்ஜித் சிங் சாகலின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். சிறு பிள்ளைகளுக்கான பள்ளியோடு ஆரம்பித்த வேலை, ஊனமுற்றோருக்குப் படிப்பு, சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று வளர்ந்தது. தசைநோயால் சக்கர நாற்காலியில் வாழும் கணக்காளர் எஸ். சங்கரராமனும் 1992இல் வந்து தோள் கொடுத்தார்.

2020இல் இந்திய அரசு இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. விருது அவர் செய்த சேவைக்கு. ஆனால் வாலிப வயதில் தொடங்கிய வேலைக்கு அந்த விருது வந்து சேர 39 வருடம் ஆனது. நம்ம புள்ளைகளை அவ்வளவு காலம் காக்க வைக்கலாமா?

நாம் செய்யக்கூடியவை

1. லயத்தில் பெரியவர்களுக்குக் கடிதம் வாசிப்பவர், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர், பின்னேரம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் யார் என்று பாருங்கள்.

2. பாராட்டும்போது வேலையைச் சொல்லுங்கள். "இந்தத் தம்பி எத்தனை பேருக்கு விண்ணப்பம் எழுதினார்" என்று சொன்னால் போதும். நோயின் கதை மேடைக்கு வேண்டாம்.

3. மேடைக்கு வர விருப்பமா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். படிக்கட்டு ஏற வேண்டிய மண்டபத்தில் விழா வைத்து, அவரைத் தூக்கிக்கொண்டு போவது மரியாதை இல்லை. சமமான இடத்தில் வையுங்கள்.

4. மாலை அன்றைக்கே வாடிவிடும். மரண உதவிச் சங்கத்தின் கணக்கு, வாசிகசாலைப் பொறுப்பு, நிர்வாகக் குழுவில் ஓர் இடம் என்று ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டப்படி, ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை வேலைக்கோ பாடசாலைக்கோ சேர்க்காமல் பாரபட்சம் காட்ட முடியாது. சக்கர நாற்காலி போன்ற உதவிகளைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் பேசுவோம்

- நம் தோட்டத்தில் இப்படிச் சேவை செய்யும் இளைஞர், யுவதி யார்?
- அவருக்கு எந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்?
- கூட்டம் நடக்கும் இடத்துக்கு அவர் தானாக வந்து சேர வழி இருக்கிறதா?

டிசம்பர் 3 ஊனமுற்றோருக்கான சர்வதேச தினம். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் அன்றைக்கு ஒரு பெயரையாவது அறிவிப்போம்.